இணையம் இல்லாத வகுப்பறையிலும் திறந்த கல்வி வளங்கள்: ஆசிரியர்களுக்கான செய்முறை விளக்கம்

யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறீர்கள். கையில் ஒரு மடிக்கணினி இருக்கிறது. கேட்டால் ஆய்வுகூடத்திலிருந்து மல்ரிமீடியா புரொஜெக்டர் கிடைக்கும். வகுப்பறைக்கு வைஃபை வராது. இந்த நிலையில், இணையத்தில் கிடைக்கும் வளமொன்றை எடுத்து, நமது பாடத்திட்டத்துக்கு ஏற்ப மாற்றி, ஒரு பாடவேளைக்குள் பயன்படுத்துவது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம். முன் அனுபவம் தேவையில்லை. பென்டிரைவ் ஒன்றும், வீட்டில் ஒரு மணித்தியால இணைய இணைப்பும் போதும்.

முதலில் ஒரு விளக்கம். இலவசமாகப் பார்க்கக் கிடைப்பதெல்லாம் திறந்த கல்வி வளம் ஆகாது. 2002 இல் யுனெஸ்கோ கூட்டிய மன்றத்தில் இந்தப் பெயர் வழக்குக்கு வந்தது. 2019 நவம்பரில் யுனெஸ்கோ இதற்கென்று ஒரு பரிந்துரையையே நிறைவேற்றியது. ஒரு வளத்தைச் சேமித்து வைக்க, பயன்படுத்த, மாற்ற, வேறொன்றோடு கலக்க, மற்றவருக்குக் கொடுக்க உரிமை இருந்தால்தான் அது திறந்த வளம். இந்த ஐந்தில் நமக்கு மிக முக்கியமானது மாற்றும் உரிமை. நமது பாடநூலின் கலைச்சொற்களோடு அப்படியே பொருந்தும் வளம் உலகில் மிகக் குறைவு. மாற்ற முடியாத வளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நமது பிள்ளைகளுக்குப் பாதிதான் உதவும்.

படி 1: தேடுவதற்கு முன் இடத்தைக் குறியுங்கள்

ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்து, பிள்ளைகள் வழமையாகச் சறுக்கும் ஒரு தேர்ச்சி மட்டத்தை மட்டும் எடுங்கள். "மின்னியல்" என்று முழு அலகையும் எடுக்க வேண்டாம். "தொடராக இணைத்த இரண்டு மின்குமிழ்கள் ஏன் மங்கலாக எரிகின்றன" என்ற அளவுக்குச் சுருக்குங்கள். கேள்வி சுருங்கினால் தேடலும் சுருங்கும். அப்படிச் செய்யாமல் யூரியூப்பைத் திறந்தால், ஒரு பின்னேரம் போய்விடும், பாடம் மிஞ்சாது.

கண்ணால் பார்க்க முடியாதது, நமது ஆய்வுகூடத்தில் செய்ய முடியாதது, ஒரே தடவையில் பல முறை மாற்றிப் பார்க்க வேண்டியது: டிஜிட்டல் வளம் இந்த மூன்றுக்கும்தான் உண்மையில் பயன்படும். கரும்பலகையில் நன்றாக விளங்கும் விடயத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

படி 2: எங்கே தேடுவது

பாடநூலின் பிடிஎப் வேண்டுமென்றால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளம். தமிழ்மொழி மூலப் பாடங்களுக்குக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற இணையத்தளம். ஆசிரியர் வழிகாட்டிகளுக்கு மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தளம். இவை மூன்றும் நமது பாடத்திட்டத்தை ஒட்டியே இருப்பதால் முதலில் இங்கே பாருங்கள்.

தமிழ், வரலாறு, நாடகம், சமயம் கற்பிப்பவர்களுக்கு 2005 இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணைய எண்ணிம நூலகம் ஒரு பெருஞ்செல்வம். பழைய ஈழத்து இதழ்கள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள் எல்லாம் வருடிய பக்கங்களாகக் கிடைக்கின்றன. ஆனால் அங்கே வாசிக்கக் கிடைக்கும் ஒவ்வொன்றும் மாற்றி வெளியிடும் உரிமையோடு வருவதில்லை.

விஞ்ஞானத்துக்கு, கொலராடோ பல்கலைக்கழகம் 2002 இல் தொடங்கிய பெட் (PhET) சிமியுலேசன்கள், அதாவது திரையிலேயே மாற்றிப் பார்க்கக்கூடிய பரிசோதனைகள். படங்களுக்கு விக்கிமீடியா கொமன்ஸ். இணையமில்லாத இடத்தில் முழுத் தமிழ் விக்கிப்பீடியாவும் வேண்டுமென்றால் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள். ஒரு முறை தரவிறக்கினால் கணினியிலேயே இருக்கும். கணினி அறை முழுவதற்கும் பாடங்களைப் பரிமாற வேண்டுமென்றால் கொலிப்ரி என்ற இலவச மென்பொருள். பழைய மடிக்கணினி ஒன்றில் அதை நிறுவி, இணைய இணைப்பில்லாத ஒரு சாதாரண ரவுட்டரோடு இணைத்தாலே மற்றக் கணினிகள் அதிலிருந்து பாடங்களை எடுக்கும். ஆரம்பத்திலேயே கொலிப்ரிக்குப் போக வேண்டாம். இரண்டு மூன்று பாடங்களை ஒற்றைக் கணினியில் நடத்திய பிறகு போங்கள்.

படி 3: உரிமத்தைப் பாருங்கள்

பக்கத்தின் அடியில் வட்டத்துக்குள் சிறு குறிகள் இருக்கும். இவை கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமக் குறிகள். மனித உருவம்: ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். சுற்றிவரும் அம்பு: மாற்றி வெளியிட்டால் நீங்களும் அதே உரிமத்திலேயே வெளியிட வேண்டும். குறுக்குக் கோடிட்ட டொலர்: வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. சமன் குறி: மாற்றியதை வெளியிடக் கூடாது.

சமன் குறியைக் கண்டால் வேறு வளம் தேடுங்கள். அதில் ஒரு சொல்லைத் திருத்திச் சக ஆசிரியருக்குக் கொடுக்கவும் முடியாது. டொலர் குறி உள்ளதைப் பாடசாலை வகுப்பில் தாராளமாகப் பயன்படுத்தலாம். கட்டணம் வாங்கும் ரியூசன் வகுப்புக்கோ, விற்கும் கையேட்டுக்கோ எடுக்க வேண்டாம். யூரியூப்பில் தேடும்போது வடிகட்டியில் கிரியேட்டிவ் கொமன்ஸைத் தெரிவுசெய்தால், பெயர் குறிப்பிட்டு மீளப் பயன்படுத்தக்கூடிய காணொளிகள் மட்டும் வரும்.

குறி எதுவும் இல்லையென்றால் முழு உரிமையும் ஆக்கியவருடையது என்றே கொள்ளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நியாயமான பயன்பாடு என்ற அளவில் வகுப்பறைக்குப் பிரதிகள் எடுக்க இடம் தருகிறது. அந்தப் பிரதியையே முகநூலிலோ இணையத்தளத்திலோ ஏற்றுவது வேறு விடயம், அதைச் செய்யாதீர்கள்.

படி 4: கைக்குள் கொண்டுவாருங்கள்

வகுப்பில் இணைப்பு கிடைக்கும் என்று நம்பி இணைய முகவரியோடு மட்டும் போகக் கூடாது. கார்த்திகை, மார்கழி மழைக்குள் மின்சாரமே நிற்கும் நாட்கள் உண்டு.

பெட் சிமியுலேசனின் பக்கத்தில் தரவிறக்கும் குறியை அழுத்தினால் ஒற்றை எச்ரிஎம்எல் கோப்பாக இறங்கும். அதைக் குரோம் அல்லது பயர்பொக்ஸில் திறந்தால் இணையம் இல்லாமலே ஓடும். தமிழ் மொழிபெயர்ப்பு உள்ளவையும் உண்டு. மொழிப் பட்டியலில் பார்த்து எடுங்கள். காணொளியாயின் 480 என்ற தரம் புரொஜெக்டருக்குப் போதும். அதற்கு மேல் போனால் கோப்பின் பருமன் கூடுமேயொழிய, பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

இறக்கிய உடனே கோப்புக்குப் பெயரிடுங்கள்: பாடம், அலகு, எடுத்த தளம், உரிமம். உதாரணமாக, "விஞ்ஞானம்-மின்சுற்று-பெட்", அதன் பின்னால் உரிமத்தின் பெயர். பெயரில்லாத கோப்பின் மூலத்தை ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பிறகு மடிக்கணினியின் வைஃபையை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கோப்பையும் திறந்து பாருங்கள். இதைத் தவறவிடாதீர்கள். இறங்கிவிட்டது என்று நாம் நினைத்த கோப்பு வெறும் இணைப்பாக இருப்பது இந்தச் சோதனையில்தான் தெரியவரும்.

படி 5: நமது பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். தமிழில் கிடைக்கும் வளங்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக் கலைச்சொற்களில் இருக்கிறது. அங்கே ஆக்ஸிஜன், இங்கே ஒட்சிசன். அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. அங்கே முடுக்கம், இங்கே ஆர்முடுகல். இவற்றைப் பிள்ளைகள் ஊகித்துவிடுவார்கள். ஆபத்தானது "வேகம்". தமிழ்நாட்டுப் பாடத்தில் வேகம் என்பது திசையில்லாக் கணியம்; நமது பாடநூலில் அதற்குக் கதி என்று பெயர். நமது வேகம் அங்கே திசைவேகம். இயக்கம் பற்றிய காணொளியைத் திருத்தாமல் போட்டால், சரியாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையும் பரீட்சையில் கதியை வேகமென்று எழுதும். காணொளியின் குரலை மாற்ற முடியாவிட்டால், ஒலியை நிறுத்திவிட்டு நீங்களே பேசுங்கள். அதுவே பெரும்பாலும் சிறந்த வழி.

படத்தை மாற்றுவது இன்னும் இலகு. இதயத்தின் நெடுக்குவெட்டுப் படத்தை எடுத்துக்கொள்வோம்.

விக்கிமீடியா கொமன்ஸில் எஸ்விஜி (SVG) வகைப் படமாகத் தேடுங்கள்; அதில் சொற்களையும் கோடுகளையும் தனித்தனியே திருத்தலாம். எண்கள் மட்டும் இட்ட படம் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் திறவுங்கள். சொற்கள் படத்தோடு ஒரே கட்டாக இருந்தால், கன்ரோல், ஷிப்ற், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்திக் கட்டைப் பிரியுங்கள். ஆங்கிலச் சொல்லின் மேல் இரட்டைக் கிளிக் செய்து அழித்து, "வலது சோணையறை", "இடது இதயவறை" என்று எழுதுங்கள். இரட்டைக் கிளிக் செய்யும்போது எழுத்துக்குப் பதில் சிறு புள்ளிகள் தோன்றினால், அந்தச் சொல் ஏற்கெனவே கோடாக மாற்றப்பட்டுவிட்டது. அதை முழுதாக நீக்கிப் புதிய எழுத்துப் பெட்டி போடுங்கள். தமிழ்ச் சொல் நீளமானது. சுட்டும் கோட்டையும் இழுத்து நீட்ட வேண்டிவரும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் நல்லது.

முடிந்ததும் எஸ்விஜியாக ஒன்றும், 1920 புள்ளி அகலத்தில் பிஎன்ஜியாக ஒன்றும் சேமியுங்கள். வகுப்புக்குப் பிஎன்ஜியைக் கொண்டுபோங்கள். பாடசாலைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து உடையாது.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமது பகுதியில் பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டவை. அவற்றிலிருந்து பிரதிபண்ணி ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். காரணம், பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. கணினிக்கு அது ஆங்கிலமே. எல்லாக் கணினிகளும் தமிழாகவே அறியும் யுனிகோட் முறைக்கு, மாற்றி ஒன்றில் போட்டு மாற்றுங்கள். இனி எழுதுவதை யுனிகோட்டிலேயே எழுதுங்கள். பாமினி விசைப்பலகையில் கை பழகியிருந்தாலும் பயமில்லை. இ-கலப்பை என்ற இலவச மென்பொருள் அதே விசை ஒழுங்கில் யுனிகோட் தட்டச்ச இடம் தரும். வருடிய பக்கமென்றால் கூகிள் டிரைவில் ஏற்றி, டொக்ஸில் திறந்து எழுத்தாக்கலாம். ஆனால் "ர" வும் கால் குறியும் இடம் மாறியிருக்கும், "ன" வும் "ண" வும் குழம்பும். ஒரு முறை வாசித்துத் திருத்தாமல் பிரதியெடுக்க வேண்டாம்.

மாற்றிய ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி எழுதுங்கள்: படத்தின் தலைப்பு, ஆக்கியவர், எடுத்த தளம், உரிமம், "தமிழ்ப் பெயர்கள் சேர்க்கப்பட்டன".

படி 6: 40 நிமிடத்துக்குள் நடத்துங்கள்

நேரசூசியில் அந்தப் பாடவேளைக்கு முந்திய இடைவேளையில் புரொஜெக்டரைப் பொருத்திவிடுங்கள். பழைய புரொஜெக்டர்களில் விஜிஏ துளை மட்டும் இருக்கும், புதிய மடிக்கணினியில் எச்டிஎம்ஐ மட்டும் இருக்கும். மாற்றும் வயரைப் பையிலேயே வைத்திருங்கள். அரைச்சுவர் வகுப்பறையில் வெளிச்சம் திரையை அழித்துவிடும். வெயில் படாத சுவரில் விழுத்துங்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, அளவு 28 க்குக் குறையாமல்.

மின்சுற்றுப் பாடத்தை இப்படி ஓட்டலாம். பெட் மின்சுற்றுப் பெட்டியில் 9 வோல்ற்று மின்கலம், 10 ஓம் மின்குமிழ், அம்பியர்மானி, ஆளி ஆகியவற்றை இணைத்துவிட்டு ஆளியைத் திறந்தே வையுங்கள். அம்பியர்மானி என்ன காட்டும் என்று பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும். எழுதி முடிந்த பிறகு ஆளியை மூடுங்கள். 0.90 அம்பியர். இப்போது இன்னொரு குமிழைத் தொடராகச் சேர்க்கப்போவதாகச் சொல்லி, மறுபடி எழுதவிடுங்கள். பலர் "முதல் குமிழ் பிரகாசமாகவும் இரண்டாவது மங்கலாகவும்" என்று எழுதுவார்கள். முதல் குமிழ் மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்ற எண்ணம் அது. மூடினால் இரண்டும் ஒரே அளவில் மங்கலாக எரியும், மானி 0.45 காட்டும். "சேர், அப்ப கறண்ட் எங்க போச்சு?" என்ற கேள்வி வந்தால், அடுத்த பத்து நிமிடத்தை அதற்கே கொடுங்கள். அம்பியர்மானியை இரண்டு குமிழ்களுக்கு நடுவிலும் வைத்துக் காட்டுங்கள், அங்கேயும் 0.45 தான்.

எழுதவைக்காமல் ஓட்டினால் பாடம் படம் பார்ப்பதோடு முடிந்துவிடும். ஊகம் பிழைத்த இடத்தில்தான் பிள்ளை யோசிக்கத் தொடங்கும்.

ஓர் எச்சரிக்கை: இந்தக் குமிழின் தடை மாறாது. உண்மையான டோர்ச் குமிழின் இழை சூடாகும்போது தடை கூடும், அளவீடு இப்படி அழகாகப் பாதியாகாது. ஆகவே கடைசிப் பத்து நிமிடத்துக்கு இரண்டு உலர்மின்கலமும் இரண்டு டோர்ச் குமிழும் மேசையில் இருக்கட்டும். திரையில் கண்டதைக் கையாலும் செய்து பார்க்கட்டும்.

வீட்டில் பார்க்கக் கொடுப்பதானால், வட்ஸ்அப்பில் காணொளியை ஆவணமாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கி எழுத்தை மங்கலாக்கிவிடும். எச்ரிஎம்எல் கோப்பு சில போன்களில் தொட்டவுடன் திறக்காது. கோப்பு மேலாளருக்குப் போய்க் குரோமைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள். போன் இல்லாத பிள்ளைக்கு அதே படத்தின் போட்டோகொப்பி கட்டாயம் போக வேண்டும்.

படி 7: உங்களுடையதையும் திறந்துவிடுங்கள்

சில விடயங்களுக்கு எங்கே தேடினாலும் வளம் கிடைக்காது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லும் நிலத்தடி நீரும் அப்படி ஒன்று. நிலாவரைக் கிணற்றையும், தோட்டக் கிணறு ஒன்றின் வெட்டுமுகத்தில் தெரியும் கல் அடுக்குகளையும் நீங்களே போனில் படமெடுங்கள். கிடையாகப் பிடியுங்கள், அளவு தெரிய ஒரு அடிமட்டத்தையோ வாளியையோ பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகளின் முகம் படத்தில் வர வேண்டாம்.

விக்கிமீடியா கொமன்ஸில் கணக்குத் திறந்து, பதிவேற்றும் வழிகாட்டியில் "என் சொந்த ஆக்கம்" என்பதைத் தெரிவுசெய்தால், அது உரிமத்தைக் கேட்கும். மனித உருவமும் சுற்றம்பும் உள்ள உரிமம் பொருத்தமானது. விபரத்தைத் தமிழில் எழுதுங்கள்: இடம், மாதம், கிணற்றின் வகை. நீர்மட்டம் மாரியிலும் கோடையிலும் வேறாக இருக்கும் என்பதால், மாதம் இல்லாத கிணற்றுப் படம் புவியியல் ஆசிரியருக்கு அவ்வளவாக உதவாது.

சக ஆசிரியர்களுக்குக் கொடுக்கும்போது பிடிஎப்பை மட்டும் கொடுக்காமல், திருத்தக்கூடிய மூலக் கோப்பையும், எஸ்விஜியையும், எழுத்துருவையும் ஒரே கோப்புறையில் போட்டுக் கொடுங்கள். வலிகாமத்தில் ஒருவர் செய்த இதயப் படத்தில் தென்மராட்சியில் இன்னொருவர் ஒரு வால்வின் பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால், அவருக்குத் தேவைப்படுவது அந்த மூலக் கோப்புத்தான்.