டிரேஸ்ரூட்டில் நடுவில் எல்லாம் நட்சத்திரமா? கடைசி வரியை முதலில் பாருங்கள்

காட்பாடியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மாமா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். சென்னை ஆபீஸ் சர்வருக்கு டிரேசர்ட் (விண்டோஸில் டிரேஸ்ரூட்டின் பெயர், சர்வர் வரை வழியில் உள்ள ஒவ்வொரு பெட்டியையும் ஒரு வரியாகக் காட்டும் கட்டளை, பதில் வராத இடத்தில் நட்சத்திரம் போடும்) போட்டிருக்கிறார், முதல் வரியில் வீட்டு ஃபயர்வால் பெட்டி (வெளியிலிருந்து வருவதை வடிகட்டுவது), அதற்குப் பிறகு வரிசையாக நட்சத்திரம், கடைசியில் சர்வர். "நடுவுல எல்லாம் அறுந்து கிடக்குது பாரு" என்றார். அறுந்திருந்தால் கடைசி வரி எப்படி வந்தது? சின்ன மெயில் போகிறது, பெரிய ஃபைல் ஏற்றினால் மட்டும் பாதியில் நிற்கிறது, அதுதான் அவருடைய உண்மையான தொல்லை.

நெட்டில் தகவல் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகப் போகிறது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கும், வழியில் வரும் ஒவ்வொரு ரவுட்டரும் (பாக்கெட்டை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும் பெட்டி) அதில் ஒன்றைக் குறைக்கும், யாரிடம் பூஜ்யமாகிறதோ அவர் பாக்கெட்டைப் போட்டுவிட்டு 'நேரம் முடிந்தது' என்று ஐசிஎம்பி (நெட்வொர்க் தன் தகராறுகளைச் சொல்லும் செய்தி முறை) வகை 11 செய்தி அனுப்புவார். டிரேஸ் 1, 2, 3 என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போய் அந்தச் செய்திகளைத்தான் வரிசையாக அடுக்குகிறது. விண்டோஸில் கடைசி சர்வர் தருவது சாதாரண பிங் ('இருக்கிறாயா?' என்று கேட்கும் சோதனை) பதில், அது வேறு வகை ஐசிஎம்பி. ஆகவே நடுவில் நட்சத்திரம், கடைசியில் பதில் என்றால் வகை 11-ஐ யாரோ விழுங்குகிறார்கள். லேப்டாப் ஃபயர்வால் விழுங்கியிருந்தால் முதல் வரியே வந்திருக்காது. மிச்சம் பெரும்பாலும் வீட்டு ஃபயர்வால் பெட்டிதான்.

உறுதி செய்ய, ஃபைபர்காரர் கொடுத்த பெட்டியில் லேப்டாப்பை நேராகச் சொருகி மறுபடி ஓட்டுங்கள் (சோதனை முடிந்ததும் ஒயரைப் பழைய இடத்திலேயே போட்டுவிடுங்கள்). வரிகள் வந்துவிட்டால் சந்தேகமே இல்லை. லினக்ஸ், மேக்கில் டிரேஸ் வழக்கமாக பிங்குக்குப் பதிலாக யுடிபி என்ற வேறு வகைப் பாக்கெட்டுகளை 33434 முதலான போர்ட் எண்களுக்கு அனுப்பும், அங்கே கடைசி வரியும் நட்சத்திரமானால் -I (ஆங்கிலப் பெரிய எழுத்து ஐ) தேர்வு போட்டு ஐசிஎம்பிக்கு மாற்றிப் பாருங்கள்.

நடுவில் ஒரே வரி மட்டும் 80 மில்லிசெகண்ட் காட்டி அடுத்தது 12-க்கு இறங்கினால் விடுங்கள், அந்த ரவுட்டர் பதில் எழுதத்தான் மெதுவாக இருக்கிறது. ஒரு வரியில் ஏறிய நேரம் கடைசி வரை இறங்காமலே இருந்தால்தான் கம்ப்ளெயின்ட். அதைத் தூரத்தின் மேல் போட முடியாது: வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர், ஃபைபரில் ஒளி போய்வர ஒன்றரை மில்லிசெகண்ட் போதும்.

சரி, பெரிய ஃபைல் ஏன் நின்றது? ஃபைபர் பெட்டியில் பிபிபிஓஇ (கம்பெனியோடு லாகின் செய்து இணையும் முறை), அதில் ஒரு பாக்கெட்டுக்கு 1492 பைட் வரைதான் இடம். மீறினால் 'துண்டாக்க வேண்டும்' என்று ஐசிஎம்பி வகை 3 செய்தி வரவேண்டும். மாமாவின் ஃபயர்வால் அதையும் விழுங்கியது. பிங்கில் 'துண்டாக்காதே' தேர்வோடு 1464 அனுப்பினால் பதில் வந்தது, 1472 அனுப்பினால் சத்தமே இல்லை (தலைப்புக்கு 28 பைட் கூட்டிக்கொள்ளுங்கள்).

ஃபயர்வாலை மொத்தமாக அணைக்காதீர்கள், தயவுசெய்து. உள்ளே வரும் விதிகளில் 'எஸ்டாபிளிஷ்டு' (நாம் தொடங்கிய தொடர்புக்கு வரும் பதில்) மட்டும் அனுமதித்து 'ரிலேட்டட்' (அந்தத் தொடர்பைப் பற்றி வழியிலிருந்து வரும் ஐசிஎம்பி செய்திகள் போன்றவை) விட்டுப்போயிருக்கும், அதைச் சேர்த்து, ஐசிஎம்பியைத் தடுக்கும் வரிக்கு மேலே வையுங்கள். மாமா வீட்டில் அதைச் செய்ததும் 1472-க்கு 'துண்டாக்க வேண்டும்' என்று உடனே பதில் வந்தது, நட்சத்திரங்கள் முகவரிகளாக மாறின, ஃபைலும் ஏறிவிட்டது.