மொரிஷியஸில் கோல்ஃப் ரிசார்ட்: அறை போடும் முன் நாம் செய்யும் தவறுகள்

மொரிஷியஸ் சின்னத் தீவு. வடக்கு தெற்காக சுமார் 65 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 45. இதில் எந்தக் கரையில் தங்கினால் என்ன, எல்லாம் ஒரே கடல்தானே என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு ஜூலை மாதம் கிழக்குக் கரையில் ஆறு நாளுக்கு அறை போட்டுவிட்டுக் குடும்பத்தோடு போனேன். படத்தில் பார்த்த அதே வெள்ளை மணலும் பச்சைக் கடலும் அங்கே இருந்தன. படத்தில் தெரியாதது காற்று. காலை பத்து மணிக்கு மேல் கரையில் துண்டை விரித்து உட்கார முடியவில்லை. மகளுக்கு மாலையில் குளிர் வேறு. ரிசார்ட்டைக் குறை சொல்ல எதுவும் இல்லை. மாதத்துக்கும் கரைக்கும் உள்ள கணக்கை நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பலர் செய்யும் முதல் தவறும் இதுதான், அதனால் இதையே விரிவாகச் சொல்கிறேன்.

தென்கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று இந்தத் தீவின் மீது ஆண்டு முழுவதும் வீசுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதாவது அங்கே குளிர்காலத்தில், அதன் வேகம் அதிகம். கிழக்குக் கரையும் தெற்குக் கரையும்தான் அதை முதலில் வாங்குகின்றன. காற்று கொண்டுவரும் ஈரத்தை நடுவில் இருக்கும் மேட்டு நிலமும் மலைகளும் மழையாக இறக்கிவிடுகின்றன. அதனால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், தமரின் போன்ற மேற்குக் கரை ஊர்கள் காய்ந்தும் கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரையான கோடையில் கணக்கு தலைகீழ். அப்போது மேற்கில் வெயில் வாட்டும், கிழக்கின் காற்று சுகமாக இருக்கும். ஆக, குளிர்காலத்தில் போகிறவர்கள் மேற்கையும் வடக்கையும் முதலில் பாருங்கள், கோடையில் போகிறவர்கள் கிழக்கைப் பாருங்கள்.

மேற்கு என்றவுடன் தென்மேற்கு மூலையையும் சேர்த்துவிடக் கூடாது. அங்கே லெ மோர்ன் மலையின் அடிவாரத்தில் இருக்கும் பாரடிஸ் கோல்ஃப் மைதானம் அழகில் யாருக்கும் குறைந்ததல்ல. அந்த மலை 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அதே லெ மோர்ன்தான் பட்டம் கட்டி அலைமேல் சறுக்கும் கைட் சர்ஃபிங் ஆட்டக்காரர்கள் உலகெங்கிலுமிருந்து தேடி வரும் இடம். அவர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே கோல்ஃப் பந்து சொன்ன பேச்சைக் கேட்காது. ஏழாம் எண் அயர்ன் மட்டை போதும் என்ற தூரத்துக்கு, எதிர்காற்றில் இன்னும் தூரம் அடிக்கும் ஐந்தாம் எண்ணை எடுக்க வேண்டிவரும். காற்றில் ஆடிப் பழகியவருக்கு அது விருந்து. சென்ற வருடம்தான் மட்டை பிடித்தவருக்கு நாலு நாள் மனக்கஷ்டம்.

புயல் பருவத்தையும் மறக்க வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை அதன் உச்சம். எல்லா ஆண்டும் புயல் தாக்கும் என்றில்லை, ஆனால் 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது தலைநகர் போர்ட் லூயிஸில் வெள்ளம் புகுந்தது, விமான நிலையத்தையே மூடினார்கள். அந்த மாதங்களில் விலை சற்று இறங்கினால் காரணம் இதுதான். போவதானால் தேதியை மாற்ற இடம் தரும் முன்பதிவாக எடுங்கள்.

பெயரில் கோல்ஃப் இருந்தால் போதுமா?

“கோல்ஃப் ரிசார்ட்” என்ற ஒரே சொல்லை மூன்று விதமான இடங்களுக்கு வைக்கிறார்கள். ஒன்று, விடுதியும் மைதானமும் ஒரே வளாகத்தில் இருப்பது. கிழக்கில் அனஹிதா அப்படி, லெ மோர்ன் பாரடிஸும் அப்படி. இரண்டாவது, மைதானம் அதே நிறுவனத்தினுடையதுதான், ஆனால் போய்ச் சேர வேண்டும். இதற்கு இல் ஓ செர்ஃப் நல்ல உதாரணம். பெயருக்கு மான்களின் தீவு என்று பொருள். அது தனித் தீவு, படகில்தான் போக வேண்டும். அந்தப் படகுப் பயணமே ஒரு சந்தோஷம் என்பது வேறு விஷயம். மூன்றாவது, விடுதிக்கென்று மைதானமே கிடையாது, எங்கோ இருக்கும் மைதானத்தோடு ஓர் ஒப்பந்தம் மட்டும் இருக்கும்.

இந்த மூன்றாவதில்தான் நண்பர் ஒருவர் மாட்டிக்கொண்டார். “கோல்ஃப் வசதி உண்டு” என்று போட்டிருந்ததை நம்பிப் பணம் கட்டினார். போன பிறகுதான் தெரிந்தது, மைதானம் காரில் முக்கால் மணி நேரம், வண்டிக்குத் தனிக் கட்டணம், அதுவும் மதியத்துக்கு மேல்தான் இடம் கிடைக்கும். தூரம் கிலோமீட்டரில் குறைவாகத் தெரிந்தாலும் இந்தத் தீவின் பல சாலைகள் கரும்புக் காட்டையும் ஊர்களையும் ஊடுருவித்தான் போகின்றன. எனவே கிலோமீட்டரைக் கேட்காதீர்கள். என் அறையிலிருந்து முதல் டீக்கு, அதாவது ஆட்டத்தின் முதல் அடியை அடிக்கும் இடத்துக்கு, எத்தனை நிமிடம், கூட்டிப்போவது யார், எத்தனை மணிக்கு முதல் வண்டி என்று கேளுங்கள்.

கூடவே கிரீன் ஃபீ, அதாவது மைதானத்தில் ஆடுவதற்கான கட்டணம். தங்குபவர்களுக்கு இலவசம் என்று எழுதியிருந்தால், தினமும் இலவசமா, தங்கும் காலத்துக்கு ஒரு ஆட்டம் மட்டுமா, எந்த மைதானத்தில் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாம் உள்ளடக்கம் என்று சொல்லும் திட்டங்கள் பெரும்பாலும் சாப்பாட்டையும் குடியையும் மனதில் வைத்துச் சொல்கின்றன. கோல்ஃப் வண்டி, பயிற்சிப் பந்துகள், மட்டை வாடகை மூன்றும் தனியாக வரலாம். சென்னையிலும் ஊட்டியிலும் மட்டைப் பையைச் சுமந்து வரும் கேடியோடு நடந்து ஆடிப் பழகிய நமக்கு வண்டி வாடகை ஒரு செலவாகவே நினைவுக்கு வராது. இந்த ரிசார்ட்டுகளில் வண்டிதான் வழக்கம். இன்னொன்று: விலை ரூபாயில் இருந்தால் எந்த ரூபாய் என்று பாருங்கள். மொரிஷியஸ் ரூபாய் நம் ரூபாயைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மதிப்பு. அந்த நோட்டுகளில் தமிழ் எழுத்தும் இருக்கும். முதல் முறை கையில் வாங்கும்போது நெஞ்சு நிறையும், நானே சொல்கிறேன்.

வடிவமைத்தவர் பெயரைப் பார்த்து மயங்குவது

இல் ஓ செர்ஃபை வடிவமைத்தவர் பெர்ன்ஹார்ட் லாங்கர், அனஹிதாவை ஏர்னி எல்ஸ். கிழக்குக் கரையில் இருக்கும் பெல் மார் பிளாஜ் ரிசார்ட்டின் லெஜண்ட் மைதானத்தை 1994-ல் ஹியூ பயோக்கி அமைத்தார். மூவரும் பெயர்பெற்ற கோல்ஃப் ஆட்டக்காரர்கள். நம் ஆட்டத்துக்கு அந்த மைதானம் ஒத்துவருமா என்பது தனிக் கேள்வி. இல் ஓ செர்ஃபில் பந்தைக் கடல் நீருக்கு மேலும் அலையாத்திச் செடிகளுக்கு மேலும் பறக்கவிட வேண்டியிருக்கும். நேராக அடிக்க வராதவர் அங்கே ஒரு டஜன் பந்தோடு போனால் போதாது. வாழ்நாளில் ஒரு முறையாவது ஆட வேண்டிய மைதானம் அது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தினமும் ஆட அதை நம்பி அறை போட மாட்டேன். அனஹிதா அகலமானது, அதன் கடைசி ஹோல், அதாவது கடைசிக் குழிக்கான ஆட்டப் பாதை, கடலை ஒட்டி நீண்டு போகும். தெற்கே பெல் ஓம்ப்ரில், பழைய கரும்புத் தோட்டத்தில் பீட்டர் மட்கோவிச் அமைத்த ஹெரிட்டேஜ் மைதானம் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல் என்று விரிந்து கிடக்கிறது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு அங்கேயே ஒன்பது ஹோல் கொண்ட சிறிய மைதானமும் உண்டு. கணவன் மனைவியில் ஒருவர் நன்றாக ஆடுவார், மற்றவர் இப்போதுதான் தொடங்குகிறார் என்றால் நான் முதலில் பார்ப்பது இந்த மாதிரி இடத்தைத்தான்.

டிசம்பரில் போவதானால் ஒரு விசாரிப்பு அவசியம். 2015-ல் தொடங்கிய மொரிஷியஸ் ஓப்பன் கோல்ஃப் போட்டி இப்போது ஆண்டுக் கடைசியில்தான் நடக்கிறது. போட்டி நடக்கும் மைதானத்தைப் பொதுவாகச் சில நாள் மூடுவார்கள்.

ஆடாதவர்களை மறந்துவிடுவது

பதினெட்டு ஹோல் ஆட நாலு, நாலரை மணி நேரம். போக வர, குளிக்க என்று சேர்த்தால் அரை நாள் போய்விடும். அத்தனை நேரம் வீட்டில் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? வெளியே ஊரே இல்லாத ரிசார்ட்டில் அவர்கள் நீச்சல் குளத்தையே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். வடக்கே மோன் ஷ்வாசி மைதானத்தின் பக்கம் தங்கினால் கிராண்ட் பே கடைத்தெரு அருகில் இருக்கிறது, போர்ட் லூயிஸ் சந்தைக்குப் போய் தால் பூரி சாப்பிட்டு வரலாம். ஜனவரி, பிப்ரவரியில் தைப்பூசம் வந்தால் அன்று அங்கே பொது விடுமுறை, காவடி ஊர்வலத்தைப் பார்க்கலாம். அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறவர்கள் இதற்காகவே தேதியைப் பார்த்துப் போடலாம்.

மதியத்துக்கு மேல் ஆடிக்கொள்ளலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள். ஜூனில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். இரண்டு மணிக்குத் தொடங்கினால் பதினெட்டு முடியாது. காற்றும் பகல் ஏற ஏறத்தான் கூடும். அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். வீட்டில் ஆறு மணிக்கு எழுகிறவருக்கு அங்கே நாலரைக்கே விழிப்பு வந்துவிடும். ஏழு மணி டீ டைம், அதாவது ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கும் நேரம் கேளுங்கள், உடம்புக்கு அது எட்டரை. புல்லில் பனி இருக்கும், காற்று இன்னும் எழுந்திருக்காது, பதினொன்றரைக்கு ஆடி முடித்து வீட்டாரோடு கடலில் இறங்கிவிடலாம்.