சொக்சோ பணம் கூடுதலாக வந்துவிட்டால்: நம் ஆட்கள் செய்யும் தவறுகள்

பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலேயே நான்கு நாள் சாமி மேடையில், விபூதித் தட்டுக்கு அடியில் வைத்திருந்தார். "நீயே படிச்சுச் சொல்லு தம்பி, எனக்குக் கை நடுங்குது" என்று நீட்டினார். கெடா மாநிலத்துக் கூலிமில் ஒரு பேக்டரியில் ஆள்குறைப்பு நடந்து வேலை போனவர். மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ கொடுத்த வேலை தேடும் அலவன்ஸில் இரண்டு மாதப் பணம் கூடுதலாகப் போய்விட்டது, திருப்பிக் கட்டுங்கள் என்று எழுதியிருந்தது.

பாடாங் செராய், லூனாஸ் பக்கம் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில் பலருக்கு பேக்டரி பஸ்தான் பிழைப்பு. வேலை போனால் கைகொடுப்பது எஸ்ஐபி என்னும் வேலைக் காப்புறுதி. 2018 ஜனவரியில் இந்தச் சட்டம் வந்ததிலிருந்து சம்பளத்தில் நம் பங்கு 0.2 விழுக்காடும் முதலாளி பங்கு 0.2 விழுக்காடும் அதற்குப் போகின்றன. நாம் கட்டிய பணம்தான். ஆனால் தகுதி இல்லாத மாதத்துக்கு வாங்கினால் அது கடன்.

அக்காவின் கதைதான் ஊரில் அதிகம் நடப்பது. அலவன்ஸ் வாங்கிய மூன்றாவது மாதத் தொடக்கத்திலேயே வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. புரோபேஷனில் எடுத்திருந்தார்கள். "மூணு மாசத்துல வேணாம்னு அனுப்பிட்டா என்ன செய்ய?" என்ற பயத்தில் சொக்சோவுக்குச் சொல்லவில்லை. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் புரோபேஷனும் வேலைதான். புது முதலாளி 30 நாளுக்குள் ஆளைச் சொக்சோவில் பதிய வேண்டும், அந்த மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அலவன்ஸ் கொடுக்கும் இடமும் சந்தா வாங்கும் இடமும் ஒன்றே. ஒரே ஐசி (அடையாள அட்டை) எண்ணில் ஒரு பக்கம் 'வேலை தேடுகிறார்', இன்னொரு பக்கம் 'சம்பளம் வாங்குகிறார்' என்று இருந்தால், கோள் சொல்ல யாரும் தேவையில்லை.

மறைத்ததில் இன்னொரு நட்டமும் உண்டு. 2,450 வெள்ளி சம்பளக் கணக்கை எடுத்துக்கொள்வோம். சட்டம் வகுத்த படிநிலையில் முதல் மாதம் 80 விழுக்காடு, அதாவது 1,960 வெள்ளி. இரண்டாவது மாதம் 50 விழுக்காடு, 1,225. மூன்றாவது, நான்காவது மாதம் 40, அதாவது தலா 980. கடைசி இரண்டு மாதம் 30, தலா 735. மூன்றாவது மாதம் வேலையில் சேர்ந்ததும் சொல்லியிருந்தால், மீதி நான்கு மாதத் தொகையான 3,430 வெள்ளியில் கால் பங்கு, 857 வெள்ளி 50 காசு, சீக்கிரம் வேலைக்குத் திரும்பியதற்கான அலவன்ஸாகக் கேட்டு வாங்கியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, மறைத்து வாங்கிய இரண்டு மாதப் பணம் 1,960 வெள்ளி இப்போது கடனாக நிற்கிறது. வேலையில் சேரும் அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், சேர்ந்த தேதி உள்ள கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள். கிரேப் வாடகைக் கார் ஓட்டுவது, பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கடை போடுவது போன்றவற்றையும் 'இதெல்லாம் வேலையா' என்று நாமாக முடிவு செய்யாமல் முதலில் கேட்டுவிட வேண்டும்.

மாதாமாதம் வேலை தேடிய விவரத்தை அனுப்பியது அக்கா இல்லை, அண்ணன் மகன். பாஸ்வேர்டு அவனிடம். போன மாதம் போட்டதையே இந்த மாதமும் போட்டு அனுப்பிவிட்டான். யார் அழுத்தினாலும் பேர் உங்களுடையது. தெரிந்தே பொய் விவரம் கொடுப்பது சட்டப்படி குற்றமும்கூட. உதவி கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அனுப்பும் முன் ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

கம்பெனி நீட்டும் தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது அடுத்தது. ஆள்குறைப்பு என்று வாயால் சொல்லிவிட்டு ரிசைன் லெட்டரில் கையெழுத்து வாங்கும் இடங்கள் உண்டு. தானாக வேலையை விட்டவருக்கு இந்த அலவன்ஸ் கிடையாது. பின்னால் பதிவைச் சரிபார்க்கும்போது, வாங்கியதெல்லாம் கேள்விக்குள்ளாகும்.

அப்புறம் முகவரி. ஐசியில் இன்னும் தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) முகவரிதான் இருக்கிறது பலருக்கு. ஒரு காலத்தில் தோட்ட ஆபீசுக்கு வரும் கடிதத்தைக் கிராணி (எழுத்தர்) பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) பேர் கூப்பிட்டுக் கொடுப்பார். இப்போது லயமே இல்லாத இடத்துக்குக் கடிதம் போனால் யார் கையில் சேரும்? கடிதம் கையில் கிடைக்காததால் கெடு நிற்காது.

சரி, கடிதம் வந்துவிட்டது. பயந்துபோய் உடனே முழுப் பணத்தையும் புரட்டிக் கட்டுவதும் தவறு, அடகு வைக்க ஓடுவதும் தவறு. முதலில் எந்த மாதம், எத்தனை வெள்ளி, என்ன காரணம் என்று பாருங்கள். மலாயில் 'பாயாரான் லெபே' என்றால் கூடுதலாகக் கொடுத்த பணம். 'ராயுவான்' என்றால் முறையீடு. கடிதத்தில் உள்ள தேதிகளைச் சம்பளச் சீட்டோடும் பேங்க் கணக்கோடும் ஒப்பிடுங்கள். வேலையில் சேர்ந்த தேதி ஒரு மாதம் முன்னால் பதிவாகியிருந்தால், கேட்கும் தொகையும் அந்த அளவுக்குக் கூடிவிடும். முடிவு சரியில்லை என்றால் மறுபரிசீலனைக்கும் முறையீட்டுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. காட்டிய கெடுவுக்குள் போக வேண்டும்.

போனில் ஒருவர் சொக்சோ ஆபீசர் என்று சொல்லி, இன்றைக்கே இந்தக் கணக்கில் கட்டாவிட்டால் போலீஸ் வரும் என்றால் வைத்துவிடுங்கள். தனியாள் பெயரில் உள்ள கணக்குக்கு ஒரு காசும் போகக் கூடாது. ஏமாந்து அனுப்பிவிட்டால் உடனே 997க்கு அழையுங்கள், மோசடிப் புகாருக்கான எண் அது.

அக்காவின் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதனால் முறையீடு செய்யவில்லை. மாதம் 140 வெள்ளி கட்ட முடியும், 14 மாதத்தில் முடித்துவிடுகிறேன் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். சம்பளச் சீட்டும் வீட்டு வாடகை ரசீதும் இணைத்தோம். வேறு யார் கையிலும் கொடுக்காமல் அவரே கவுண்டருக்குப் போய்க் கொடுத்து, நம் நகலில் சாப்பு (முத்திரை) வாங்கிவந்தார். இனி கட்டும் ஒவ்வொரு ரசீதையும் அன்றே போனில் படம் பிடித்துவிடச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாளில் எழுத்து சில மாதத்திலேயே மங்கிவிடும்.