ரொட்வைலர், பிட்புல் நாய் வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக்குப் போயிருந்தேன். மூன்று மாத ரொட்வைலர் குட்டி, சாப்பாட்டுக் கோப்பையில் மூக்கை வைத்தபடி உறுமியது. வளர்க்கிற தம்பி செருப்பால் ஒன்று போட்டார். "இந்த ஜாதியை இப்பவே அடக்கோணும் அண்ணை" என்றார். 20 வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். ஊசி, சங்கிலி பற்றியெல்லாம் எல்லாரும் சொல்வார்கள். அவற்றை விடுகிறேன்.

உறுமலை அடித்து நிறுத்துவது

'கிட்ட வராதே' என்று நாய் சொல்வதுதான் உறுமல். அடித்தால் சத்தம் நிற்கும், பயம் அப்படியே உள்ளே கிடக்கும். என் ரெக்ஸ் ஒரு வயதுக்குள் உறுமுவதையே விட்டுவிட்டது. அடங்கிவிட்டது என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். ஒரு நாள் அக்காவின் மகன், கோப்பைக்குப் பக்கத்தில் உருண்ட பந்தை எடுக்கக் குனிந்தான். ரெக்ஸ் மெல்லுவதை நிறுத்தியது. உடம்பு விறைத்தது, கண்ணோரத்தில் வெள்ளை தெரிந்தது. சத்தமே இல்லை. அடுத்த நொடி கையைக் கவ்விவிட்டது. முன்கையில் ஏழு தையல். "ரொட்வைலர் எண்டால் அப்பிடித்தான்" என்றார்கள். அதன் வாயை அடைத்தவன் நான். உறுமுகிற குட்டிக்கு யாராவது கை ஓங்கினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

கோப்பையைப் பறிக்காதீர்கள். எட்ட நின்று ஒரு கோழித்துண்டைப் போட்டுவிட்டு விலகுங்கள். நாளாக நாளாகக் கொஞ்சம் கிட்டப் போகலாம்.

ஜாதியை வைத்துக் குணத்தை முடிவு செய்வது

2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான். நெதர்லாந்து 1993இல் பிட்புல்லுக்குத் தடை போட்டது, கடி குறையாததால் அதை எடுப்பதாக 2008இல் அறிவித்தது. ஆனால் பெரிய தாடை கடித்தால் காயமும் பெரிது. அதனால்தான் வளர்ப்பில் கூடுதல் கவனம் வேண்டும் என்கிறேன்.

ஊர் நாய் கடிக்காது என்று நம்புவது

கடிக்கும்.

குட்டியை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பது

மூன்றாம் கிழமையிலிருந்து பதினான்காம் கிழமை வரைதான் உலகத்தோடு பழகுகிற வயது. ஊசி முடியாவிட்டால் தூக்கிக்கொண்டு போங்கள். காலி வீதி வாகன இரைச்சல், ஓட்டோ, குடை, கடற்கரையோர ரயில் எல்லாம் காட்டுங்கள்.

கடி பட்டதும் மஞ்சள் பூசுவது

வேண்டாம். சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தத் தம்பி நேற்று ஒரு வீடியோ அனுப்பினார். எட்ட நின்று கோழித்துண்டு போடுகிறார். "இன்னும் உறுமுது அண்ணை" என்று எழுதியிருந்தார். உறுமட்டும் என்று பதில் போட்டேன்.