பேக்கப் எடுத்தீர்கள், சரி. திறந்து பார்த்தீர்களா?

போன வாரம் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு பிரிண்டர் வேலையாகப் போயிருந்தேன். பக்கத்து மேசையில் ஓர் இளைஞர், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர், டாலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கும் கடைக் கணக்குக்கு பேக்கப் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். காப்பிக் கட்டளைகள் எழுதிய ஒரு பேட்ச் ஃபைல், இரவு ஒன்பது மணிக்கு அதை ஓட்ட டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பதிவு, ஒரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க். ஒருமுறை ஓட்டிக் காட்டினார். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. "முடிஞ்சுதுங்க அண்ணா, இனி தினமும் தானா எடுத்துக்கும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அதே வார்த்தைகளை நானும் ஒரு மஞ்சள் மண்டியில் சொல்லியிருக்கிறேன். அதற்கு அந்த மண்டி கொடுத்த விலை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பேக்கப்பே எடுக்காமல் இருப்பது, திருட்டு விண்டோஸ் போடுவது, யுபிஎஸ் இல்லாமல் ஓட்டுவது இவையெல்லாம் தவறு என்று எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். 'எங்களிடம் பேக்கப் இருக்கிறது' என்று நம்பி நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கு நேர்வதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

சிங்க் செய்வதை பேக்கப் என்று நினைப்பது

கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ ஃபோல்டரைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். சிங்க் என்பது இங்கே நடப்பதை அங்கேயும் அப்படியே செய்வது. இங்கே நீக்கினால் அங்கேயும் நீங்கும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அப்புறம் அதுவும் போய்விடும். ஏப்ரலில் யாரோ தெரியாமல் அழித்த பழைய வருடக் கணக்கை ஆடிட்டர் ஆகஸ்டில் கேட்கும்போதுதான் அது இல்லை என்பதே தெரியவரும்.

டாலியின் டேட்டா ஃபோல்டரை நேராக சிங்கில் போடுவது இன்னும் மோசம். ஒரு கம்பெனியின் கணக்கு ஒரே ஃபைலில் இல்லை. பல ஃபைல்கள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்க வேண்டும். கணக்கர் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே சிங்க் ஒரு ஃபைலை இப்போதும் இன்னொன்றைச் சற்றுப் பிறகும் எடுத்தால், மேலே போய்ச் சேர்வது எந்த நேரத்துக் கணக்கும் இல்லை. டாலியின் சொந்த பேக்கப் வசதியால் எடுத்த ஃபைலைத்தான் டிரைவில் போட வேண்டும்.

விண்டோஸோடு வரும் காப்பிக் கட்டளையான ரோபோகாப்பியில் 'மிர்' (/MIR) சுவிட்ச் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மூலத்தில் இல்லாததை அது பேக்கப்பிலும் அழித்துவிடும்.

ரெய்டு

ரெய்டு என்பது, எளிமையாகச் சொன்னால், ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கில் சேர்த்தே எழுதுவது. டிஸ்க் பழுதாவதற்கு மட்டுமே அது மருந்து. தவறி அழித்த ஃபைல் இரண்டு டிஸ்கிலிருந்தும் ஒரே நொடியில் போய்விடும்.

எடுத்த பேக்கப்பைத் திறந்தே பார்க்காதது

இதைத்தான் இத்தனை வருடம் கழித்தும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. எங்கே போனாலும் 'பேக்கப் எடுக்கிறீர்களா?' என்று கேட்டால் ஆம் என்கிறார்கள். 'கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள்?' என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இருப்பதில்லை.

அந்த மஞ்சள் மண்டிக்கு பேக்கப் ஏற்பாடு செய்தது நான்தான். டி டிரைவில் டாலி ஃபோல்டர், தினமும் இரவு அதை ரோபோகாப்பி வைத்து வெளி டிஸ்குக்கு எடுக்கும் ஒரு பேட்ச் ஃபைல். சில வருடங்கள் ஒழுங்காக ஓடியது. 2021 ஜூலையில் கணினி மெதுவாக இருக்கிறது என்றார்கள். ஓர் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்புச் சாதனம்) வாங்கி சி டிரைவாகப் போட்டேன், பழைய ஹார்ட் டிஸ்கை டி டிரைவாகவே விட்டேன். அதோடு டாலியின் புதிய பதிப்பான டாலி பிரைமுக்கும் மாற்றினோம். டாலி பிரைம் தன் டேட்டாவை, நாம் வேறு இடம் சொல்லாவிட்டால், சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக் என்று உள்ளே போகும் ஒரு ஃபோல்டரில் வைக்கும். கணக்கை அங்கே மாற்றிவிட்டு, டி டிரைவில் இருந்த பழையதைப் பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று அழிக்காமல் விட்டேன். பேட்ச் ஃபைலை மாற்ற மறந்துவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் இரவு பேக்கப் ஓடியது, யாரும் தொடாத பழைய ஃபோல்டரிலிருந்து. மாறிய ஃபைலை மட்டும் காப்பி செய்வது ரோபோகாப்பியின் பழக்கம். அங்கே எதுவும் மாறவில்லை, அதனால் எந்தப் பிழையும் வரவில்லை. பிற்பாடு லாக் ஃபைலைத் திறந்து பார்த்தேன். தோல்வி 0, காப்பி ஆனது 0. நானூறு நாளுக்கு மேல் இதே வரி. அந்த இரண்டாவது பூஜ்யத்தை ஒரே ஒரு நாள் யாராவது கவனித்திருந்தால் போதும். பிழை வந்தால்தான் பார்க்க வேண்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

2022 செப்டம்பரில் ஒரு காலை கணினி பூட் ஆகவில்லை. கணினி தொடங்கும்போதே வரும் பயோஸ் திரையில்கூட எஸ்எஸ்டி தெரியவில்லை. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் சத்தம் போடும், மெதுவாகும், நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். எஸ்எஸ்டி முந்தின இரவு வரை நன்றாக ஓடி, மறுநாள் இல்லாமல் போகக்கூடியது. நான் பதறவில்லை. பேக்கப் இருக்கிறதே என்று டிஸ்கை எடுத்துக்கொண்டு போனேன். மீட்டு, டாலியைத் திறந்து, நாள் பதிவேடான டே புக்கைப் பார்த்தால் கடைசிப் பதிவு 2021 ஜூலை 8. பதினான்கு மாதக் கணக்கு இல்லை.

மண்டி முதலாளி என்னைத் திட்டவில்லை. "தம்பி, தினமும் ராத்திரி அந்த லைட்டு எரியறதப் பாத்துட்டுத்தானே வீட்டுக்குப் போவேன், அப்புறம் எப்படிப் போச்சு?" என்று மட்டும் கேட்டார். டிஸ்கில் மினுக்கும் விளக்கைத்தான் சொன்னார். டேட்டா மீட்கும் இடத்துக்கு எஸ்எஸ்டியை அனுப்பினோம். எதுவும் எடுக்க முடியவில்லை என்று திரும்பி வந்தது.

கம்பெனிகளுக்குப் போட்ட விற்பனை பில்கள் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1ல் ஏற்றியிருந்ததால் ஜிஎஸ்டி போர்ட்டலிலிருந்து எடுத்தோம். ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்களிடம் வாங்கியது, கொள்முதலைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பியில் இருந்தது. வங்கி வரவு செலவுக்கு ஸ்டேட்மென்ட் இருந்தது. ஆனால் ஒரு மண்டியின் உயிர் அங்கெல்லாம் இல்லை. விவசாயி கொண்டுவந்த விரலி எத்தனை மூட்டை, கிழங்கு எத்தனை மூட்டை, எந்த விலைக்குப் போனது, விதைப்புக்கு வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, பாக்கி யாருக்கு யார் தர வேண்டும் என்பதெல்லாம் எந்தப் போர்ட்டலுக்கும் போவதில்லை. துண்டுச் சீட்டுகளையும் பில் புத்தகங்களையும் வைத்து இரண்டு பேர் மூன்று மாதம் உட்கார்ந்து மறுபடி எழுதினார்கள். விவசாயிகள் தங்கள் வீட்டு நோட்டைக் கொண்டுவந்து காட்டி உதவினார்கள். அப்படியும் சில முன்பணங்கள் இன்றுவரை நேராகவில்லை.

சின்ன ஊர், சின்ன மண்டி, அதனால் நடந்தது என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுதும் நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப், பிரதி முறைகளை வைத்திருந்தார்கள். தேவைப்பட்டபோது ஒன்றுகூட நம்பும்படி இல்லை. அதில் ஒரு முறை, டேட்டாபேஸின் பதிப்புக்குப் பொருந்தாத பழைய கருவியால் ஓடி, பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்னதாகக் கையால் எடுத்த பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. ஒளிக்காமல் எல்லாவற்றையும் அவர்களே வெளியிட்டதால்தான் நமக்குத் தெரிகிறது.

எந்த முறை நல்லது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு இப்போது ஒரே பதில்தான் சொல்கிறேன்: உங்கள் கடையில் இருக்கும் ஆளே மீட்டுப் பார்க்கக்கூடிய முறை எதுவோ அது. எத்தனை விலை கொடுத்து வாங்கிய மென்பொருளாக இருந்தாலும், மீட்க நான் வந்தால்தான் ஆகும் என்றால் அது உங்களுக்கு வேண்டாம்.

அந்த மண்டியில் இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை இந்தச் சோதனை நடக்கிறது. கணக்கு ஓடும் கணினியைத் தொடவே கூடாது. ஓடும் டேட்டா ஃபோல்டரிலேயே பழைய பேக்கப்பை மீட்டால் இன்றைய கணக்கின் மேல் அது உட்கார்ந்துவிடும். சோதனை என்று ஆரம்பித்து நல்ல கணக்கை இழந்தவர்கள் இருக்கிறார்கள். வேறொரு கணினியில், புதிதாக ஒரு காலி ஃபோல்டரில் மீட்க வேண்டும். டாலி லைசென்ஸ் அந்தக் கணினியில் இல்லாவிட்டாலும் எஜுகேஷனல் மோடில் திறந்து பார்க்கலாம்.

திறந்ததும் பார்க்க வேண்டியது மூன்று. டே புக்கில் கடைசி வவுச்சரின் தேதியும் எண்ணும் நேற்றையதுதானா? நேற்றைய தேதிக்கு டிரையல் பேலன்ஸ் ஓடும் கணக்கோடு பைசா சுத்தமாக ஒத்துப்போகிறதா? கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்த ஏதாவது இரண்டு விவசாயிகளின் லெட்ஜர் ஒத்துப்போகிறதா? மீட்க ஆன நேரத்தையும் எழுதி வைக்கிறார்கள். சீசனில் மண்டி அரை நாள் நின்றால் என்ன ஆகும் என்று முதலாளிக்குத்தான் தெரியும். மீட்க அரை நாள் ஆகும் என்பது முன்கூட்டியே தெரிந்தால் வேறு வழி யோசிக்கலாம்.

கணினி மாற்றினாலும், மென்பொருள் மாற்றினாலும், டிரைவ் மாற்றினாலும் மாதத்துக்குக் காத்திருக்காமல் அன்றே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். நான் தவறியது அந்த ஒரு நாள்தான்.

டிஸ்கை எப்போதும் சொருகியே வைத்திருப்பது

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் ஞாபகம் இருக்கலாம். அந்த வகை வைரஸுக்கு சி டிரைவ், யுஎஸ்பி டிஸ்க் என்ற பேதம் கிடையாது. கணினிக்கு எழுத முடிகிற இடத்தையெல்லாம் பூட்டிவிடும். பெருந்துறைப் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில், முதலாளி வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்திருந்தார்கள். அதன் வழியாக வைரஸ் போடுகிறவர்கள் உள்ளே வந்தார்கள். கணக்கும் போயிற்று, பக்கத்தில் சொருகியிருந்த பேக்கப்பும் போயிற்று. இரண்டு டிஸ்க் வாங்குங்கள். பேக்கப் முடிந்ததும் கழற்றுங்கள்.

நேற்றையதன் மேல் இன்றையதை எழுதுவது

டேட்டா கெட்டது அன்றே தெரிந்துவிடும் என்றால் ஒரே பிரதி போதும். பெரும்பாலும் பத்து நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் நல்ல பிரதியின் மேல் கெட்டது ஒன்பது முறை ஏறியிருக்கும். கிழமைக்கு ஒன்று என ஏழு ஃபோல்டர், மாதக் கடைசிக்கு ஒன்று தனியாக, மார்ச் 31 கணக்கு என்றைக்கும் அழிக்காமல். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால், மின்னணுக் கணக்கின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் வைக்கப்பட வேண்டும் என்பது 2022 ஆகஸ்டிலிருந்து விதி. உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடும் பில்லிங் மென்பொருளின் ஃபைலைக் காப்பி அடிப்பது

நிறைய பில்லிங் மென்பொருள்கள் உள்ளே மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் ஓடுகின்றன. அது ஓடும்போது டேட்டா இருக்கும் எம்டிஎஃப் ஃபைல் பூட்டியிருக்கும், காப்பி ஆகாது. மென்பொருளின் பேக்கப் கட்டளையால்தான் எடுக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் பதிப்பில் நேரம் குறித்து ஓட்டும் ஏஜென்ட் கிடையாது என்பதால், 'தானாக எடுக்கும்' என்று விற்றவர் சொன்னால் எது, எங்கிருந்து, எத்தனை மணிக்கு எடுக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

எல்லாப் பிரதியும் ஒரே கட்டடத்தில்

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியே என்ற கணக்கைப் பரவலாக்கியவர் பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர். நான் பார்த்த கடைகளில் அந்தக் கடைசி ஒன்றைத்தான் விட்டுவிடுகிறார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தரைத்தளத்துப் பீரோவில் வைத்த டிஸ்க் அப்படி ஒரு நாளில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இரண்டு டிஸ்கில் ஒன்று எப்போதும் முதலாளி வீட்டில் இருக்கட்டும். திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளுங்கள்.

மேகத்தில் (கிளவுடில்) வைத்தாலும் கேள்வி அதேதான். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

பாஸ்வேர்ட் ஒரே ஆளிடம்

பேக்கப் போகும் ஜிமெயில் கணக்கு கணக்கரின் சொந்தக் கணக்காக இருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போனால் உங்கள் பேக்கப்பும் கூடவே போகும். கடைக்கென்று தனிக் கணக்கு தொடங்குங்கள். டாலியில் கணக்கைப் பூட்டும் டாலிவால்ட் பாஸ்வேர்ட் மறந்தால் டாலி நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்ட டிஸ்க் என்றால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

பென் டிரைவ்

ஃபைலைக் கொண்டு போக, கொண்டு வர மட்டும். பேக்கப்பாக வைக்க அல்ல.