பாதியில் படிப்பை மாற்றித் தாதியாகப் போக நினைக்கிறவர்களுக்கு

முதலில் அலுமாரியைத் திறந்து உங்கள் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேற்றுத் தாளை எடுங்கள். அதுவரைக்கும் எந்த நிறுவனத்துக்கும் கோல் எடுக்க வேண்டாம். இலங்கையில் தாதியர் படிப்பு உங்களுக்கு இலவசமாகக் கிடைக்குமா, இலட்சக்கணக்கில் கட்ட வேண்டி வருமா என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தாள்தான். எனக்கு இது இரண்டு வருடம் பிந்தித்தான் தெரிந்தது.

நான் உயிரியல் பிரிவில் படித்தவள். ஒரு சி, இரண்டு எஸ்; மூன்று பாடத்திலும் சித்திதான், ஆனால் குறைந்த தரம். மருத்துவ பீடம் கிடைக்காது என்று தெரிந்த பிறகு வீட்டில் யாரும் அந்தத் தாளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் வேலை செய்கிறார். கடன் வாங்கி என்னை ஒரு தனியார் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பப் பட்டத்துக்குச் சேர்த்தார். நான்காவது தவணைக் காசும் கட்டி முடித்த நேரத்தில்தான் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிய வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டை, அங்கிருந்து 138 பஸ், மகரகம அபேக்ஷா வைத்தியசாலை. ஆறு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் மருந்து ஏற்ற அம்மாவின் கையில் நரம்பு பிடிபடவில்லை. இரண்டு முறை குத்தியதில் அம்மா அழுதுவிட்டார். அப்போது வந்த ஒரு மிஸ்ஸி (தாதி) அவசரப்படாமல் வெந்நீரில் நனைத்த துணியைக் கையில் சுற்றி, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரே குத்தில் ஏற்றினார். நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டவர், ஏ.எல்.லில் பயோ செய்தேன் என்றதும் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "மூணு பாஸ் இருக்கா? அப்ப வர்த்தமானி பாருங்க மகள்."

அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளைத்தான் அவர் சொன்னார். சுகாதார அமைச்சின் கீழ் கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று பல இடங்களில் இவை இருக்கின்றன. மூன்று வருட டிப்ளோமா. கட்டணம் கிடையாது; பயிற்சிக் காலத்தில் மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. பொதுவாக உயிரியல் அல்லது கணிதப் பிரிவில் மூன்று பாடச் சித்தியும், ஓ.எல்.லில் (சாதாரண தரப் பரீட்சை) கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் போன்ற பாடங்களில் சித்தியும் கேட்பார்கள். விண்ணப்பம் கோரும் அறிவித்தல், அரசாங்க அறிவித்தல்கள் வெளியாகும் வர்த்தமானியில் வரும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் தமிழிலும் வெளியாகிறது, அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அறிவித்தலில் முதலில் பார்க்க வேண்டியது எந்த வருட ஏ.எல். பெறுபேறுகளை எடுக்கிறார்கள் என்பது. சில வருடங்களுக்கு முந்திய பெறுபேறுகளுக்கும் சேர்த்து அழைப்பதுண்டு, அதனால் ஒரு வருடம் தவறிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அடுத்ததாக வயதெல்லையைப் பாருங்கள். நான் ஒவ்வொரு வெள்ளி இரவும் பார்த்தேன். என் முறை வர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

இனி, நான்கு வருடத் தாதியர் பட்டம். பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, றுகுணை, யாழ்ப்பாணம், கிழக்கு, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது, அதுவும் இலவசம். ஆனால் படிப்பை மாற்ற வருகிறவர்கள் பலரும் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். பல்கலைக்கழக அனுமதி அந்தந்த வருட ஏ.எல். இசட் புள்ளியை (பாடப் புள்ளிகளை ஒப்பிட்டுக் கணக்கிடும் மதிப்பு) வைத்துத்தான் நடக்கிறது. இரண்டு வருடத்துக்கு முந்திய தாளை வைத்து இப்போது விண்ணப்பிக்க முடியாது. ஏ.எல். எழுதக் கிடைக்கும் மூன்று தடவைகளில் உங்களுக்கு ஒன்று மிச்சம் இருந்தால், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மறுபடி எழுத வேண்டும். ஏற்கெனவே அரச பல்கலைக்கழகம் ஒன்றில் வேறு பாடநெறிக்குப் பதிவு செய்திருந்தால், அந்தப் பதிவை இரத்துச் செய்வதற்கு முன்னால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வரிவரியாக வாசியுங்கள்.

கலை, வர்த்தகப் பிரிவில் படித்தவர்களுக்கு வழி நீளம். உயிரியலை ஆரம்பத்திலிருந்து படித்து எழுதலாம், அதற்கு இரண்டு வருடம் ஒதுக்க வேண்டும். என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) தரத்தில் தாதி உதவியாளர், பராமரிப்பாளர் பயிற்சிகளும் உண்டு, குறைந்த செலவில் முடிக்கலாம். அது நல்ல வேலைதான். ஆனால் உதவியாளர் வேறு, பதிவு பெற்ற தாதி வேறு. என்னுடன் படித்த ஒரு பிள்ளை "நேர்சிங் டிப்ளோமா" என்று பெரிதாகப் போட்டிருந்த ஓரிடத்தில் காசு கட்டி ஒன்றரை வருடம் படித்தாள். கடைசியில் கையில் கிடைத்தது உதவியாளர் சான்றிதழ். அவள் அழுததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பொறுக்காது.

அதனால் தனியாரிடம் போகிறவர்கள் ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: இதை முடித்தால், தாதிகளைப் பதிவு செய்யும் இலங்கைத் தாதியர் பேரவையில் தாதியாகப் பதிய முடியுமா? வாயால் சொல்வதை எடுக்க வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். பிறகு பேரவையிடமே நேரில் போய்ச் சரிபாருங்கள். நோயாளர் வாட்டுப் பயிற்சி எந்த வைத்தியசாலையில், மொத்தம் எத்தனை மணித்தியாலம் என்றும் கேளுங்கள். பிற்காலத்தில் வெளிநாட்டில் விண்ணப்பித்தால் அந்த மணிக்கணக்கைத்தான் கேட்பார்கள். பெரிய தனியார் வைத்தியசாலைகள் தாங்களே பயிற்சிப் பள்ளி நடத்துகின்றன. அங்கே சேர்ந்தால் இத்தனை வருடம் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கலாம். இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரியைக் கண்டுபிடித்து வாசித்த பிறகு கையெழுத்து வையுங்கள்.

சரி, இப்போது படிக்கும் படிப்பை எப்போது விடுவது? புதிய இடத்திலிருந்து கடிதம் கையில் வரும்வரை விடவே வேண்டாம். நான் இதில் பிழை விட்டேன். "மிச்சக் காசு திரும்பக் கிடைக்கும்" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னதை நம்பி விலகல் கடிதம் கொடுத்தேன். ஒரு சதமும் வரவில்லை, கேட்கப் போனபோது அப்படிச் சொன்னவரே அங்கே இல்லை. விலகாமல் தற்காலிகமாக ஒத்திவைக்கும்படி எழுதிக் கேட்டிருக்க வேண்டும். அதுவரை படித்த பாடங்களின் புள்ளி விபரத்தை முத்திரையுடன் வாங்கி வையுங்கள். அந்தப் பாடங்களைத் தாதியர் படிப்பில் கணக்கில் எடுப்பார்கள் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். நான் முதலாம் வருடத்திலிருந்துதான் தொடங்கினேன். கணக்கும் கணினியும் வீண்போகவில்லை. சேலைன் துளி வேகம் கணக்குப் போடும்போது என் கை நடுங்கவில்லை.

இலவசம் என்றாலும் கையில் கொஞ்சம் காசு வேண்டும். சீருடை, வெள்ளைச் சப்பாத்து, செக்கன் முள் உள்ள மணிக்கூடு, புத்தகப் பிரதிகள், பஸ். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவர்கள் இப்போதே தொடங்குங்கள். மூன்று ஊசி, முதலாவதிலிருந்து மூன்றாவது வரை ஆறு மாதம் எடுக்கும்.

காத்திருக்கும் காலத்தில் இரண்டு மொழிக்கு உழையுங்கள். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். வாட்டில் கொழும்பு என்றால் சிங்களம். கொட்டாஞ்சேனையில் பிறந்த எனக்குக் கடைச் சிங்களம் தெரியும், ஆனால் "ரிதெனவத" என்று வலியை விசாரிக்கவும், "ஹுஸ்ம கன்ன" என்று மூச்செடுக்கச் சொல்லவும் தனியாகப் பழக வேண்டியிருந்தது. அதேபோல உங்கள் தமிழுக்கு அங்கே எவ்வளவு பெறுமதி என்று போன பிறகு தெரியும். ஹட்டனிலிருந்து வந்த ஓர் ஆச்சி இரண்டு நாள் ஒன்றுமே பேசவில்லை, எல்லோரும் நினைவு தடுமாறுகிறது என்று நினைத்தார்கள். "ஆச்சி, எங்க நோகுது?" என்று நான் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டித் தீர்த்தார்.

வீட்டில் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. "கம்பியூட்டர் படிச்சிட்டு பெட்பேன் தூக்கப் போறியா?" என்று அப்பா கேட்டார். நான் வாதாடவில்லை. அடுத்த கிளினிக்குக்கு அவரையே அம்மாவுடன் அனுப்பினேன். காலையிலிருந்து மாலை வரை வாட்டு வாசலில் இருந்துவிட்டு வந்தவர், விண்ணப்பத்தை எப்போது போட வேண்டும் என்று மட்டும் கேட்டார். உங்களுக்கே சந்தேகம் இருந்தாலும் இப்படித்தான் பாருங்கள். சென் ஜோன்ஸ் அம்புலன்ஸிலோ செஞ்சிலுவைச் சங்கத்திலோ முதலுதவி வகுப்பு ஒன்றுக்குப் போங்கள். இரத்தமும் வாந்தியும் தாங்குமா என்பது சில கிழமைகளில் தெரிந்துவிடும்.

டிப்ளோமாவோடு படிப்பு நின்றுவிடும் என்றும் கவலைப்பட வேண்டாம். பதிவு பெற்ற தாதிகள் வேலை செய்துகொண்டே நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டம் படிக்கலாம். என் வாட்டில் இருவர் படிக்கிறார்கள். இங்கிலாந்துக்குப் போக நினைக்கிறவர்கள் ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7 எடுக்க வேண்டும்.

கடைசியாக, ஆவணங்களை இன்றே அடுக்குங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ.எல்., ஏ.எல். சான்றிதழ்கள் நான்கிலும் பெயரை எழுத்துக்கூட்டி ஒப்பிடுங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதிவிடுகிறார்கள். எனக்கு ஒன்றில் 'டி'க்குப் பின்னால் 'எச்' இருந்தது, மற்றதில் இல்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்து, நேர்முகப் பரீட்சைக்கு முந்திய நாள்தான் கையில் கிடைத்தது.