மொட்டைமாடியிலிருந்து தெரியும் மலைக்கு அனுமதி வாங்குவது எப்படி

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் பொதிகை மலை எதிரே நிற்கும். என் அப்பா இளவட்டமாக இருந்த காலத்தில் பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம் வழியாக ஏறி அகத்தியரைக் கும்பிட்டுவிட்டு வந்தவர். அந்தப் பாதை இருக்கும் காடு இன்று களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அந்தப் பக்கமாக ஏற அனுமதி கிடையாது. தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களும் நாகர்கோவிலைச் சுற்றித் திருவனந்தபுரம் போய், கேரள வனத்துறையின் அனுமதிச் சீட்டோடுதான் அந்த 1,868 மீட்டர் உச்சிக்கு ஏறவேண்டும். பெண்களுக்கு அந்த வழியும் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2019 ஜனவரியில்தான் திறந்தது. நான் 2025இல், ஐம்பத்திரண்டு வயதில் ஏறினேன். மலையைவிடச் சீட்டுதான் என்னை அதிகம் படுத்தியது. அதனால் சீட்டைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

மலையேற்றக் காலம் ஜனவரி நடுவில் தொடங்கி ஒன்று ஒன்றரை மாதம் நடக்கும். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பொங்கல் பரபரப்பில் அறிவிப்பைத் தவறவிடுகிறவர்கள் பலர். கிறிஸ்துமஸ் முடிந்ததுமே வனத்துறையின் இணையதளத்தைத் தினமும் ஒருமுறை எட்டிப்பாருங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 பேருக்குத்தான் இடம். அண்மையில் எல்லாத் தேதிகளையும் ஒரே நாளில் திறக்காமல் கட்டம் கட்டமாகத் திறக்கிறார்கள். முதல் கட்டத்தில் கிடைக்கவில்லை என்றால் அடுத்ததற்குக் காத்திருக்கலாம். சனி, ஞாயிறு இடங்கள் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் செவ்வாய், புதன் பக்கம் போவது புத்திசாலித்தனம்.

முதல் ஆண்டு நான் தோற்றது என் பெயராலேயே. ஆதார் அட்டையில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல், வாக்காளர் அட்டையில் பின்னால், வங்கியில் அப்பா பெயர் முழுதாக. படிவத்தில் எதை எழுதுவது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் இடங்கள் தீர்ந்துவிட்டன. ஆகவே முந்தின நாள் இரவே ஓர் அட்டையை முடிவுசெய்து, அதில் இருப்பதுபோலவே ஒரு புள்ளி பிசகாமல் உங்கள் பெயர், வயது, அட்டை எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட வருகிறவர்களுக்கும் அப்படியே. அதே அட்டையின் அசல் மலையடிவாரத்தில் தேவைப்படும். பதிவுக் கணக்கைச் சில நாட்களுக்கு முன்பே தொடங்கி, ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்துவிடுங்கள். பணம் கட்ட இரண்டு வழிகள் கையில் இருக்கட்டும். இரண்டாம் ஆண்டு என் வங்கியின் ஓ.டி.பி. ஆடி அசைந்து வந்து சேர்ந்தபோது நேரம் கடந்திருந்தது. மூன்றாம் முறை மருமகளின் கைப்பேசிதான் காப்பாற்றியது.

கட்டணம் ஆண்டுதோறும் ஏறுகிறது. நான் போனபோது தலைக்கு 2,700 ரூபாய், சாப்பாடு தனி. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. பேரனை ஏமாற்றிவிட்டுப் போவது அவரவர் திறமை.

அடுத்தது மருத்துவச் சான்றிதழ். மலையேற உடல் தகுதி இருக்கிறது என்று பதிவுபெற்ற மருத்துவர் எழுதித் தரவேண்டும். அது பயணத்துக்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் வாங்கியதாக இருக்கவேண்டும். நான் முந்திரிக்கொட்டை மாதிரி பத்து நாள் முன்பே வாங்கி, மறுபடியும் போய் நின்றேன். "இந்த முட்டியை வைத்துக்கொண்டா?" என்று மருத்துவர் சிரித்தார். பிறகு ரத்த அழுத்தம் பார்த்து, படியேறச் சொல்லி, தேதியோடும் முத்திரையோடும் எழுதித் தந்தார். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

சீட்டு, அசல் அட்டை, சான்றிதழ் மூன்றையும் தாளாகக் கையில் வைத்திருங்கள். காட்டுக்குள் கைப்பேசியை நம்பக்கூடாது.

முதல் நாள் இரவே திருவனந்தபுரத்தில் தங்கிவிடுவது நல்லது. நெடுமங்காடு, விதுரா வழியாகப் போனக்காடு போகவேண்டும். ஆளில்லாத தேயிலைத் தோட்டத்துக்குள் கடைசி வழி. காலையிலேயே வனத்துறைச் சாவடியில் வரிசையில் நிற்கவேண்டும். அங்கே பையைக் கொட்டிக் காட்டச் சொல்வார்கள். பிளாஸ்டிக் கூடாது, மது, சிகரெட் கூடாது, உச்சியில் பூஜை செய்யவும் கூடாது. என் முன்னால் நின்ற பையனின் முறுக்குப் பொட்டலம் அத்தனையும் உறை கழற்றப்பட்டு, காகிதத்தில் கொட்டப்பட்டது. நான் எவர்சில்வர் டப்பாவில் எள்ளுருண்டையும் துணிப்பையில் பொரிகடலையும் கொண்டுபோனதால் தப்பித்தேன். அப்பா காலத்துப் பழக்கம்.

சாவடியைத் தாண்டியதும் சீட்டின் வேலை முடிந்து கால்களின் வேலை தொடங்கும். முதல் நாள் அதிருமலை முகாம் வரை நாள் முழுக்க நடை. வழியில் கரமனையாறு, வாழைப்பைந்தி, அட்டையாறு என்று ஓடைகள் வரும். முகாமைச் சுற்றி யானைக்கு அகழி வெட்டியிருக்கிறார்கள்; பாயில் படுத்துக்கொண்டு கஞ்சியும் பயறும் செரிப்பதற்காகக் காத்திருக்கலாம். மறுநாள் உச்சி, கீழே இறங்கியதும் முகாம். "முட்டிடிச்சான்" என்று ஓர் ஏற்றம் இருக்கிறது. பெயருக்கு விளக்கம் வேண்டாம், ஏறும்போது முட்டியே சொல்லும். கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்து ஏறவேண்டும்; அங்கே மட்டும் வழிகாட்டி சொல்வதை மறுபேச்சின்றிக் கேளுங்கள்.

மேலே அகத்தியர் சின்னதாக உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வீட்டு மொட்டைமாடி தெரிகிறதா என்று கிழக்கே பார்த்தேன். மஞ்சு மூடியிருந்தது.